ஆப்பத்துக்கு வந்த தடை

என் வேலை ஆய்வுக்கூடத்தில் ஈஸ்டுக்குச் சூடு வைப்பது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். சூடு பட்டதும் அந்தச் சின்னஞ்சிறு செல் சில மரபணுக்களை முடுக்கிவிட்டு, குலைந்துபோகும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும். நம் செல்களிலும் அதே ஏற்பாடு உண்டு. புற்றுநோய்ச் செல்லும் அதை வைத்துத்தான் நெருக்கடியைச் சமாளிக்கிறது. ஈஸ்டில் புரிந்துகொண்டால், நோயில் எங்கே தேடுவது என்று தெரியும்.

இதை அல்லிநகரத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில் மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன். மாமா ஏலக்காய் வியாபாரி, குடும்ப வாட்ஸப் குழுவின் அட்மின். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ரோஜாப்பூப் படத்தின் மேல் செய்தி பறந்துவிட்டது: ‘ஈஸ்டில் கேன்சர் ஜீன். நம் வீட்டு விஞ்ஞானி எச்சரிக்கை. அனைவருக்கும் பகிரவும்.’ மறுத்து நான் எழுதிய நீண்ட விளக்கத்துக்கு வரிசையாகக் கும்பிடுகள் வந்தன. ஒருவரும் படிக்கவில்லை.

கூடலூரில் இருக்கும் என் சித்திக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றிய பிறகு தொண்டையில் இறங்கியது குமுளி ரோட்டுக் கடையில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துச் சுடும் ஆப்பம் மட்டும்தான். எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆப்பத்தைத்தான் என் பேரைச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். கேள்விப்பட்டதும் பஸ் ஏறினேன்.

மாமா சித்தியின் கட்டிலருகே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். “நீ சொன்னதத்தானத்தா கடைப்பிடிக்கிறோம்” என்றார்.

“ஈஸ்டால கேன்சர் வராது மாமா. சரி, நீங்க சாயங்காலம் குடிக்கிற பிராந்தியும் ஈஸ்ட் போட்ட வேலைதான?”

“அது காய்ச்சி எடுக்கிறது. சூட்டுல ஈஸ்ட் செத்துருமாம். விசாரிச்சேன், சொன்னாக.”

“ஆப்பச் சட்டி மட்டும் குளுகுளுன்னா இருக்கு?”

மாமா செல்போனை எடுத்து எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். நான் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

சித்தி ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலில் நனைத்து மெல்ல மென்றாள். “நீ சூடு வச்சா எல்லாமே செத்துருமா?” என்று கேட்டாள்.

“முன்னாடியே கொஞ்சம் சூடு பட்டது தாங்கிக்கிரும் சித்தி.”

“அப்ப என் கட்டியும் மருந்தத் தாங்குமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “தாங்கப் பாக்கும்” என்றேன். சொல்லிவிட்டுப் பயந்துபோனேன்.

சித்தி கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

“அது என்ன வெளியூர்ல இருந்தா வந்துச்சு? எனக்குள்ளதான மொளச்சுச்சு. அதுக்கிட்ட இருக்கிற ஜீன் எங்கிட்டயும் இருக்கும்ல?”

“இருக்கு சித்தி.”

“அப்ப நானும் தாங்குவேன்” என்று தட்டை நீட்டினாள். “இன்னொண்ணு வையி.”

செல்போனைக் கீழே வைத்துவிட்டு, மாமாதான் எடுத்து வைத்தார்.