கணக்கெடுப்பில் சேர்ந்த தம்பி

ஈரத் துணியில் சூடான ‘அயன்பெட்டி’ படும்போது எழும் ஆவியின் வாசனைதான் எனக்கு வீட்டு வாசனை. பிரெஞ்சுத் தலைநகரின் ரூ லூயி-பிளாங்க் தெருவில், சாப்பாட்டுக் கடையொன்றுக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் அப்பா சேலைச் சட்டை தைப்பார். குணம் சித்தப்பா அவற்றைத் தேய்த்து மடிப்பார். அவர் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, இன்னொருவரின் ‘கார்த்’ என்ற வதிவிட அட்டையில், அந்த ஆளின் பெயரிலேயே உணவகத்தில் கோப்பை கழுவி, எங்கள் வீட்டிலேயே தங்கி, மிச்ச நேரமெல்லாம் அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றவர்.

அண்மையில் அலுவலகத்தில் ஸ்கொட்லாந்துத் தோழி ஒருத்தி, விக்டோரியா மகாராணி காலத்துச் சனத்தொகைப் பதிவொன்றைக் கணினியில் காட்டினாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் கிராமத்துத் தையற்காரராம்: குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், கடைசி வரியில் வேறு பெயருடைய ஒரு கூலித் தையற்காரர். “இவர் எங்கள் ஆள் இல்லை” என்று அந்த வரியைத் தள்ளிவிட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். அந்தக் கோபம் எங்கள் வீட்டுக் கோபம்.

எனக்குப் பத்து வயதளவில் எங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். வருவார் என்று கீழே அறிவித்தல் ஒட்டியிருந்ததால் அப்பா முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தார்: நாங்கள் மூன்று பேர் என்று நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும், சித்தப்பா தெருவில் போய் நிற்கவேண்டும். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆனால் அந்தப் பெண் மணியடித்ததோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். சோற்றில் கைவைத்திருந்த சித்தப்பா எழும்பப் பார்க்க, அம்மா விடவில்லை.

“சாப்பாட்டிலை இருக்கிற மனிசனை எழுப்பக்கூடாது. இரும் தம்பி.”

உள்ளே வந்தவர் அவரைப் பார்த்து, யார் என்று கேட்டார். “என்ரை தம்பி” என்று அப்பா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்ன அதே கணம், அம்மாவும் தன் பிரெஞ்சில் அதையே சொன்னார். இருவருக்கும் தம்பியென்றால் அப்பாவும் அம்மாவும் என்ன முறை? நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பாவின் முறைப்பில் அது அடங்கிற்று. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, இந்தத் தாள் பொலிசுக்குப் போகாது, விசாவும் கேட்கமாட்டோம், இங்கே வசிப்பவரின் பெயர் போதும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்பா நம்பவில்லை. சித்தப்பா சோறு காய்ந்த கையோடு தன் சொந்தப் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“இந்த நாட்டிலை ஒருக்காலாவது என்ரை பேரிலை இருப்பம், அண்ணை.”

உறவு என்ற இடத்தில் அந்தப் பெண் அப்பாவின் தம்பி என்றே எழுதிக்கொண்டார். ஒருவரும் தேடி வரவில்லை.

சித்தப்பா பின்னர் லண்டன் போய்க் குடும்பமானார். எங்கள் பழைய வீட்டில் இன்று போன் கடையொன்றின் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் இப்போது திரான்சி என்ற புறநகரில். இந்தக் கோடையில் குணம் சித்தப்பா லண்டனில் காலமானார். மரண அறிவித்தலில் சகோதரர், மைத்துனர், மருமக்கள் என்று பெயர்கள் நீண்டு போயின. எங்கள் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ஆனாலும் எனக்கு வலித்தது.

சில நாட்களில் லா சப்பல் கோயிலில் தேர். ஒரு வருடமும் வடம்பிடிக்கத் தவறாத அப்பாவை அழைத்துப்போகப் போனால், அவர் சவரம் செய்யாத முகத்தோடு கதிரையில் இருந்தார். ஏன் வெளிக்கிடவில்லை என்று கேட்டேன்.

“எங்களுக்குச் சாவுத் துடக்கெல்லோ, பிள்ளை, கோயிலடிக்குப் போகக்கூடாது,” என்றார். “தம்பி செத்து இன்னும் முப்பத்தொண்டு கழியேல்லை.”