வந்து சேர்ந்த ராஜாவின் கால்

வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் என் மாணவிகளுக்குப் பல்லவர் சரித்திரச் சிற்பங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். வாரிசில்லாத காஞ்சிக்கு ஒரு சிறுவனைத் தூர தேசத்திலிருந்து ராஜாவாக அழைத்துவரும் சிற்பத்தருகே போனதும் நல்லெண்ணெய் வாசனை வந்தது.

தொண்ணூறில் அப்பா குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே சண்டை வந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா டெலிபோன் பூத்தில் மணிக்கணக்காக நின்றாள். லைன் கிடைக்கவே இல்லை. காஞ்சிபுரத்தில் அவள் போய் அழாத சன்னிதி இல்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னை இங்கே இழுத்துவந்து, தேய்ந்துபோன இந்தச் சிறுவனின் கல் காலில் எண்ணெய் தடவினாள்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "அது சாமி இல்லமா, சரித்திரம். எண்ணெ பட்டா கல்லு கெட்டுப்பூடும்."

"தெரியும்பா. சாமிங்க எல்லாரையும் கேட்டுட்டேன். இவுரு எங்கியோ இருந்து இந்த ஊருக்கு வந்து சேந்தவரு. வழி இவுருக்குத்தான தெரியும்?"

அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எங்கள் தெருவிலிருந்து போன மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. நான் சரித்திரம் படித்ததே இந்தச் சிறுவன் எந்த வழியாக வந்தான் என்று பார்க்கத்தான். எந்த தேசத்திலிருந்து என்பதிலேயே அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு.

"மிஸ், கால் மட்டும் ஏன் கருப்பா இருக்குது?" என்றாள் ஒருத்தி.

தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் ஈரம் காயவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லி அம்மா காலையிலேயே கிளம்பியிருந்தாள்.