பாண்டியம்மாள் எந்தப் பக்கம்?

"மேடம், நீங்க அனுப்பறவங்களா, அனுப்பாதவங்களா?"

கையில் அட்டை, காதில் ஹெட்போன். அவசரமாக வந்த அந்தப் பெண் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"எதை?" என்றேன்.

"பொண்ணை, மேடம். வெளியூருக்கு, வேலைக்கு."

"எனக்கு ரெண்டும் பையன்களாச்சே…"

"பரவாயில்லை மேடம், சும்மா ஒரு பக்கம் சொல்லுங்க. சீட் போடணும்."

சும்மா ஒரு பக்கமா? எந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று தெரியாமல்தானே வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்? "அனுப்பறவங்க" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்தேன். இடதுபுறம் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டாள்.

இடம்: சென்னையில் ஒரு டிவி ஸ்டூடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கட்சியாக உட்கார்ந்து காரசாரமாகப் பேசிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி ஒரு நிகழ்ச்சியின் படப்பிடிப்பு. சிவகாசியில் கம்பெனி கம்பெனியாகக் காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிற எனக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் பாண்டியம்மாளால்.

பாண்டியம்மாள் எங்கள் தெருக்காரி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். தெருவில் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரு ரசிகைகள் குழுவே வைத்திருக்கிறாள். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம்போலப் பூட்டிக்கிடக்கும் அல்லவா? அந்த மாதத்தில் வருஷம் தவறாமல் டிவிக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, வேன் பிடித்துச் சென்னைக்குப் போய்விடுவார்கள். வேறு ஊர்ப் பெண்கள் ஆடி மாதம் கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரி.

இது நாலாவது வருஷம். என்னையும் கிளப்பிவிட்டாள்.

"யக்கா, மூணு வருசமாக் கை தட்டித் தட்டிக் கைதான் வலிக்கி. ஒரு பய மைக்கு குடுக்க மாட்டேங்கான். பத்திரிகையில எழுதுற ஆளு கூட வந்தா குடுப்பாகல்ல?"

என் பெயரைச் சொன்னால் மைக் என்ன, தண்ணீர்கூடக் கிடைக்காது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? போனேன்.

போன இடத்தில் முதல் குழப்பம், சேலை. ஒற்றுமையாகத் தெரிய வேண்டுமென்று பதினெட்டுப் பேரும் ஒரே மாம்பழக் கலர் சேலையில் வந்திருந்தார்கள். ஹெட்போன் பெண் தலையில் கைவைத்துவிட்டாள். இரண்டு பக்கமும் ஒரே கலர் என்றால் யார் எந்தக் கட்சி என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது குழப்பம், சிரிப்பு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே எங்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பிறகு ஆச்சரியப்படச் சொன்னார்கள். பிறகு தலையாட்டச் சொன்னார்கள். தேவைப்படுகிற இடத்தில் வெட்டிச் சேர்த்துக்கொள்வார்களாம்.

"எதுக்குன்னு சொன்னா சிரிப்போம்ல, தம்பி?" என்று கேட்டாள் பாண்டியம்மாள். அதற்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேமராக்காரர் ஓகே சொல்லிவிட்டார்!

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். அதைச் சொல்வதற்கு முன்னால் பாண்டியம்மாள் வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஒரே மகள், செல்வி. பிளஸ் டூ முடித்து டிப்ளமோவும் முடித்தவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்து சேர வேண்டும். தங்குவதற்கு ஹாஸ்டல், போக வர கம்பெனி பஸ். பாண்டியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த மருந்து வாடை என் கையோட போகட்டும்க்கா. அவ கையில ஏறக்கூடாது" என்பாள். மருந்து என்றால் வெடிமருந்து.

ஆனால் அவள் கணவர் குருசாமி ஒரே வார்த்தையில் நின்றார். "கூடாது."

குருசாமி லாரிகளுக்குப் பட்டாசுப் பெட்டி லோடு ஏற்றுகிறவர். அதிகம் பேச மாட்டார். ஏன் கூடாது என்று கேட்டால், "கூடாதுன்னா கூடாது" என்பார். அதற்கு மேல் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மூன்று மாதமாக இதுதான் நடந்தது. அவரிடம் பேசிப்பார்க்கச் சொல்லி என்னை இரண்டு தடவை அனுப்பினாள். இரண்டு தடவையும் குருசாமி எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது ஸ்டூடியோவுக்கு வாருங்கள். அன்றைய தலைப்பு: பெண் பிள்ளைகளை வேலைக்கு வெளியூர் அனுப்பலாமா, கூடாதா?

எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. தலைப்பைக் கேட்டதும் பாண்டியம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தனக்காகவே வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது? ஆனால் ஹெட்போன் பெண் அவளை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். 'அனுப்பக் கூடாது' பக்கம்.

"நான் அனுப்பணும்னு சொல்றவம்மா. அங்கன உக்காந்துக்கிடுதேன்."

"அந்தப் பக்கம் ஃபுல் ஆயிடுச்சுங்க. இந்தப் பக்கம் பேசத்தான் ஆள் இல்லை. நீங்க நல்லாப் பேசறீங்க… இங்க உட்கார்ந்தா மைக் நிச்சயம் தர்றேன். டிவிக்குத்தானே, சும்மா பேசுங்க."

மைக்! நாலு வருஷக் கனவு.

பாண்டியம்மாள் எதிர்வரிசையிலிருந்த என்னைப் பார்த்தாள். நான் என்ன சைகை காட்டியிருக்க வேண்டும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. 'உன் இஷ்டம்' என்கிற மாதிரி தோளைக் குலுக்கினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "எங்கே போனாலும் பாதுகாப்புதான். இந்தக் காலத்தில் என்ன ஆபத்து?" என்று வெட்டினாள். கைதட்டல். நடத்துகிறவர் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தார். மைக் பாண்டியம்மாள் கைக்குப் போனது.

முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"ஐயா, நான் சிவகாசிப் பக்கம். பட்டாசு வேலை. ஆபத்து இல்ல ஆபத்து இல்லன்னு அந்தப் புள்ள சொல்லுது. எங்களுக்கு ஆபத்து புதுசா? தெனமும் அதுக்குள்ளதான் உக்காந்து பொளைக்கிறோம். எங்கயாச்சும் சத்தம் கேட்டா, தெருவே எந்திரிச்சு ஓடும். செருப்புக்கூடப் போட மாட்டோம். ஓடிப்போயி நம்ம ஆளு நிக்கிதான்னு பாத்துட்டாப் போதும், உசுரு வந்துரும். அது ஓடிப்போற தூரத்துல இருக்கு. இம்புட்டுத் தூரத்துல புள்ளைக்கு ஒண்ணுன்னா, நான் எந்தப் பக்கம் பாத்து ஓடுவேன்? பஸ்ஸுல உக்காந்துக்கிட்டா ஓட முடியும்? எங்களுக்கு ஆபத்து பயமில்லைங்கய்யா. தூரந்தான் பயம்."

ஒத்திகை பார்த்த சிரிப்பு, ஆச்சரியம் எல்லாம் எங்கே போனதோ. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள்… என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணும் தட்டினாள். நானும் தட்டினேன். நான் 'அனுப்பறவங்க' கட்சி என்பதே மறந்துபோய்விட்டது.

வெளியே வந்து வேனில் ஏறியதும் மற்ற பெண்கள் அவளைக் கொண்டாடினார்கள். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கல்பட்டு தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"யக்கா… இத டிவியில போட்டா அவரு பாப்பாரே."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று மாதமாக யாரை எதிர்த்துச் சண்டை போட்டாளோ, அவருக்காக நாடறிய வாதாடிவிட்டு வந்திருக்கிறாள்!

"எங்கேருந்துடீ வந்தது அவ்வளவு பேச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. மைக்கப் பிடிச்சதும் வாயில வந்துருச்சு. பொய்யாச் சொல்லணும்னுதான் எந்திரிச்சேன்…" என்று நிறுத்திக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் அந்த ஹெட்போன் பெண்ணுக்குப் போன் போட்டேன். பாண்டியம்மாள் பேசிய இடத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "என்ன மேடம் இப்படிக் கேட்கறீங்க? புரோமோவே அவங்கதான்!"

அவள் சொன்னபடியே ஆனது. அந்த வாரம் முழுக்க, சீரியலுக்கு நடுவே, சமையலுக்கு நடுவே, செய்திக்கு நடுவே பாண்டியம்மாள் வந்து "தூரந்தான் பயம்" என்றாள். டீக்கடையில் குருசாமியை நாலு பேர் கட்டிப்பிடித்தார்களாம். "ஜெயிச்சிட்டீரே வே!"

செல்வி அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது பாண்டியம்மாள் வீட்டில் உட்கார இடமில்லை. நான் கதவோரம் நின்றேன். குருசாமி டிவிக்கு நேர் எதிரே, கால்மேல் கால் போடாமல், பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பாண்டியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அவள் பேசினாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடுவதைப் பற்றிச் சொன்னபோது குருசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். மார்கழி மாதத்தில் ஏது வியர்வை?

நிகழ்ச்சி முடிந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் எழுந்து டிவியை அணைத்தார்.

"புள்ள போகட்டும்" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"என்ன சொல்றீக?" என்றாள் பாண்டியம்மாள்.

"என் நெஞ்சுல கெடந்ததை எல்லாம் நீ சொல்லிட்ட. எனக்கு அப்படிச் சொல்ல வரல. சொன்னாக் கேக்கவும் ஆளில்லைன்னு இருந்தேன். இப்ப ஊரே கேட்டுருச்சு. அது போதும். இனிமே எதுக்கு மறிக்கணும்? போகட்டும்."

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாண்டியம்மாள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதிவிட்டு நானும் புரூஃப் பார்க்கப் போயிருப்பேன்.

ஆனால் பாண்டியம்மாள் அழ ஆரம்பித்தாள். "வேண்டாம்ங்க. அனுப்ப வேண்டாம்."

"ஏ புள்ள, நீதான அனுப்பணும்னு குதிச்ச?"

"அது அப்ப. அங்கன நின்னு பேசினப்பெறகு எனக்கு நெசமாவே பயமா இருக்கு. ராத்திரி தூக்கமே இல்ல. நான் பேசினதையே நெனைச்சு நெனைச்சு… வேண்டாம்ங்க."

மறுநாள் காலை குருசாமி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மேடம், நீங்க சொன்னாக் கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க, புள்ள போயிட்டு வரட்டும்னு."

எனக்குத் தலை சுற்றியது. மூன்று மாதம் முன்பு அவரிடம் நான் சொன்ன அதே வார்த்தைகளை அவர் இப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்! போய்ச் சொன்னேன். இந்தத் தடவை பாண்டியம்மாள் கலர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். மனுஷன் பிடிவாதம் பிடிப்பது பாதி நேரம் ஜெயிப்பதற்காக இல்லை. தன் பக்கத்தை யாராவது ஒருவர் முழுசாகச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டுவிட்டால் இறங்கிவிடுகிறது. ஆனால் இறங்கிய பிடிவாதம் சும்மா போகாமல், சொன்னவர் தலையிலேயே ஏறிக்கொள்கிறதே… அதற்கு என்ன செய்ய?

கடைசியில் முடிவு செய்தது செல்விதான். பொங்கலுக்கு மறுவாரம் ஒரு சாயங்காலம் பையை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நிதானமாப் பேசி, யாரு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள வேலையில சேந்துருதேன்."

பாண்டியம்மாள் உள்ளே போய் ஒரு டப்பா நிறையக் காரச் சீவலும் அதிரசமும் எடுத்துவந்து பையில் திணித்தாள். பை மூடவில்லை. ஒரு சேலையை வெளியே எடுத்துவிட்டு டப்பாவை மறுபடி திணித்தாள். அவள் பங்குக்கு அதுதான் சம்மதம் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

பஸ் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை. குருசாமி மகளுடனேயே கிளம்பினார். ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு மறுநாளே திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாண்டியம்மாள் பதறிப்போய் என் வீட்டுப் போனிலிருந்து ஹாஸ்டலுக்குப் பேசினாள். செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: அப்பா அங்கேதான் இருக்கிறார். நம் ஊர்க்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் படுத்துக்கொள்கிறார். ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட் எதிரே வந்து நிற்கிறார். பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்ததும் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். பேசுவதுகூட இல்லை.

எட்டாவது நாள் ஊர் வந்து சேர்ந்தார் குருசாமி.

'அனுப்பலாம்' கட்சி அவர்தான் — ஞாபகம் இருக்கட்டும்!