கறுப்புத் துணிக்குள் கணக்கு மிஸ்

கணக்கு மிஸ்ஸை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் அல்ல; முகம் இருக்கவேண்டிய இடத்தில் தொங்கிய கறுப்புத் துணிதான். எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில், காலை இடைவேளையில், பேருந்தில் பாலூட்டும்போது போட்டுக்கொள்வதற்காக நான் வாங்கிய உறையைத் தலைவழியாகக் கவிழ்த்துக்கொண்டு, நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மிஸ், பகல் பதினோரு மணிக்கே இதுக்குள்ள இருட்டிடுச்சு." பிறகு, "விடற மூச்சு என் மூஞ்சிக்கே திரும்பி வருது. நீங்களும் ஒரு தடவ உள்ள வந்து பாருங்க." நான் போகவில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் எந்த விஷயத்திலும் நான் முதலில் பார்த்தது கதவைத்தான்.

அந்த உறையை வாங்க நேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்த வீடு சிதம்பரம், புகுந்த வீடு கடலூர். மகளுக்கு நான்கு மாதம் முடிந்தபோது விடுப்பும் முடிந்தது. காலை ஏழேகாலுக்குக் கடலூரில் அவளோடு பேருந்து ஏறி, அம்மா வீட்டில் அவளை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவது, மதிய இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது, மாலையில் அவளை எடுத்துக்கொண்டு திரும்புவது என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை இருக்கிறது. ஆனால் என் மகளுக்குப் பசி வந்ததோ ஆலப்பாக்கத்தில். காலையில் போகும்போதும் ஆலப்பாக்கம், மாலையில் வரும்போதும் ஆலப்பாக்கம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஊர் வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வாரம் புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பேருந்திலேயே கொடுத்தேன். அந்த வாரத்தில் ஒரு நாள், மாமாவோடு காலையில் நடக்கப் போகும் நண்பர் ஒருவர் எதிர்ப்பக்க இருக்கையில் இருந்திருக்கிறார். நான் அவரைக் கவனிக்கவில்லை. மறுநாள் நடைப்பயிற்சியில் அவர் மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்க மருமவ பஸ்ஸுல புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு வந்துது. எனக்கே எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியல." அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. மாமா அதை அத்தையிடம் சொன்னார், அத்தை என் கணவரிடம், அவர் என்னிடம். என்னிடம் வந்து சேர்ந்தபோது அது "பஸ்ஸு பூரா பாத்துச்சாம்" என்று ஆகியிருந்தது.

அத்தை கோபப்படவில்லை. "நாங்களுந்தான் புள்ள பெத்தோம். முந்தானைய இழுத்துப் போட்டுக்கிட்டுக் குடுத்தோம், ஒருத்தருக்குத் தெரியாது. ஒனக்கு அது வரலன்னா டப்பா பாலு வாங்கி வச்சிருக்கேன், கரைச்சு எடுத்துக்கிட்டுப் போ" என்றார். என் கணவர் இன்னும் மென்மையாகச் சொன்னார். "இந்த மாசம் பாரும்மா. சரிப்பட்டு வரலன்னா வேலைய விட்டுடு. ஒரு வருஷம் கழிச்சு வேற ஸ்கூல் பாத்துக்கலாம்." எனக்குப் பயம் அந்த மென்மையில்தான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு வருடம் கழித்து எந்தப் பள்ளியிலும் எனக்கென்று ஒரு நாற்காலி காலியாகக் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர் சொன்னதும் என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. படித்த காலத்திலிருந்தே, ஒரு விதியைச் சொல்லிவிட்டால் அதை மீறும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. இப்போது இரண்டு விதிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பால் கொடு என்றது ஒன்று. யாரும் பார்க்கக்கூடாது என்றது மற்றொன்று.

அத்தை சொன்ன முந்தானை அவர் காலத்து நூல் புடவையின் முந்தானை. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்குச் சீருடைப் புடவை. வழுக்கும் துணி. தலைப்பை மடிப்பு மடிப்பாக எடுத்துத் தோளில் ஊக்குக் குத்தவேண்டும் என்பது பள்ளியின் கட்டளை. ஓடும் பேருந்தில் ஒரு கையில் அழும் குழந்தை, இன்னொரு கையால் மூன்று ஊக்குகளைக் கழற்றி, அவற்றை வாயில் கவ்விக்கொண்டு, தலைப்பை விரித்தால் அது அடுத்த வேகத்தடையில் நழுவி மடியில் கிடக்கும். அதனால் உறை வாங்குவதென்று முடிவு செய்தேன். தூங்காமல் கைபேசியில் விமர்சனங்களைப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நம்பலாமா, ஒன்று கொடுத்தவர்களை நம்பலாமா என்று தெரியவில்லை. முதலில் வந்தது பூப்போட்ட, உடம்போடு ஒட்டும் சட்டை மாதிரியான ஒன்று. புடவைக்கு மேல் அதைப் போட்டால் ஊக்கில் மாட்டிக்கொண்டது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வாங்கியதுதான் கறுப்பு உறை. கழுத்தில் வளையக் கம்பி, பின்னால் சொடக்கென்று மாட்டும் பட்டை, முழங்கால்வரை கெட்டித் துணி. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, உட்கார்ந்து, குனிந்து, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நல்லா கீது" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

என் மகளுக்கு நிறையவில்லை. சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் வந்ததும் காற்றில் வரும் நெடிக்காக எல்லோரும் ஜன்னல்களை இறக்கி மூடிவிடுவது எங்கள் தடத்துப் பேருந்துகளின் வழக்கம். இறக்கிய ஜன்னல், மாசி மாத வெயில், அதற்குள் இந்தத் துணி. இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் போட்ட கத்தலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். உறையே இல்லாதபோது அந்தப் பேருந்தில் என்னைப் பார்த்தவர்களைவிட உறையோடு பார்த்தவர்கள்தான் அதிகம். நான் விடவில்லை. பழகிவிடும் என்று தினமும் போட்டேன். பத்து நாளில் பட்டை மாட்டும் சொடக்குச் சத்தம் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு வீட்டில், உறை இல்லாதபோதும், திருப்பிக்கொண்டாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. சமையலறை அலமாரியில் டப்பா பால் கண்ணுக்கு நேராக இருந்தது.

இதைத்தான் ஒருநாள் ஆசிரியர் அறையில் கணக்கு மிஸ்ஸிடம் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது இளையவர். லால்பேட்டையிலிருந்து தினமும் வருவார். இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். பள்ளிக்கு வந்ததும் கறுப்பு பர்தாவைக் கழற்றி மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, எங்களைப்போலவே சீருடைப் புடவையில் வகுப்புக்குப் போவார். புலம்பிய வேகத்தில் நான், "ஒங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல மிஸ், பர்தா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து பர்தாவை எடுத்து என் முன்னால் விரித்தார். "இதுல தொறப்பு எங்க இருக்கு, காட்டுங்க. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே பீஸு. மூத்தவனுக்குப் பசிச்சப்ப கீழேர்ந்து மொத்தத்தையும் தூக்கிக்கிட்டு நான் எங்க ஒக்கார்றது?" என்றார். பிறகு தோளிலிருந்து தொங்கிய மடிப்பைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் இரண்டு பக்கமும் தையல்காரியிடம் கொடுத்து ஜிப் வைத்திருந்தார். "எங்க மாமிக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நீங்க போயி சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகுதான் என் உறையைக் கேட்டு வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். இரண்டாவது முறை அவர் கூப்பிட்டபோது நானும் போனேன். ஒரே துணிக்குள் இரண்டு தலைகள். உள்ளே ரப்பர் வாடையும் அவர் தலையில் வைத்திருந்த எண்ணெயின் வாசனையும். நெற்றி வேர்த்தது. அவர் முகம் பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் இந்தத் துணியை எத்தனை கோணத்தில் பார்த்திருந்தேன். மகள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேனா, நினைத்தேனா என்று ஞாபகம் இல்லை. கணக்கு மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பஸ்ஸுல இருக்கற அறுவது பேருக்கும் சேத்துக் கணக்குப் போட்டீங்க. குடிக்கறவள விட்டுட்டீங்க." அந்த நேரத்தில் தமிழ் ஐயா உள்ளே வந்தார். தலையில்லாத இரண்டு ஆசிரியைகளைப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் எடுக்க வந்தவர் எடுக்காமலே திரும்பிப் போனார். துணிக்குள் கணக்கு மிஸ் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியாமல் வந்துவிட்டது. மகள் பிறந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அன்று மாலையே கீழவீதியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனோம். மல் துணி ஒன்றரை மீட்டர் கேட்டேன். "லைனிங்குக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். "கொழந்தைக்கு." "கொழந்தைக்கு என்ன தெக்கிறீங்க?" கணக்கு மிஸ் முந்திக்கொண்டு, "கூடாரம்" என்றார். நான் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டேன், கடைக்காரர் காட்டினார், அதை முகத்தில் போட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. மறுபடியும் மெல்லியதை எடுத்தேன், வைத்தேன். "கை தெரியுது மிஸ்" என்றேன். "ஒங்களுக்குக் கை இருக்கறது ஊருக்கே தெரியும். புடிச்சிருந்தா வாங்குங்க, எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றார். அந்த அவசரத்தில்தான் என்னால் முடிவெடுக்க முடிந்தது. அவகாசம் கொடுத்திருந்தால் இன்றும் அந்தக் கடையில்தான் நின்றுகொண்டிருப்பேன். கணக்கு மிஸ் இப்போது இங்கே இல்லை. கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்குப் பிள்ளைகளோடு போய்விட்டார். அவருடைய மேசையில் வேறொருவர் உட்கார்கிறார். எப்போதாவது குரல் செய்தி அனுப்புவார். பின்னணியில் பிள்ளைகள் சண்டை போடுவது கேட்கும்.

துணியின் ஓரத்தை அம்மா மடித்துத் தைத்துக் கொடுத்தார். கழுத்தில் மாட்ட ஒரு நாடா, அவ்வளவுதான். குனிந்தால் மகளின் முகம் எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் அம்மா வீட்டில் வைத்துப் பழக்கினேன். சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். மூன்றாம் நாள் மாலை, பேருந்தில், ஆலப்பாக்கத்தில் அழ ஆரம்பித்தாள். பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்ப்பக்க இருக்கையில் மாமாவின் நண்பர்.

கை நின்றுவிட்டது. கடலூர் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். தாலாட்டிச் சமாளிக்கலாமா, தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். அவள் கத்தல் ஏறியது. என் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாத்துக்குமா புள்ளைய அழவுடற? பால் குடு" என்றார். நாடாவைக் கழுத்தில் போட்டேன். ஒரு நிமிடத்தில் பேருந்து அமைதியானது. சிப்காட் வந்தது, ஜன்னல்கள் இறங்கின. துணிக்குள் புழுக்கம் ஏறியதும் மகள் ஒரு கையால் அதைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டாள். இழுத்து மூடினேன். மறுபடியும் தள்ளினாள். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வாயோரம் பால் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு என்றால் அந்தக் கணமே அவளை மார்பிலிருந்து பிரித்திருப்பேன். அன்று பிரிக்கவில்லை. துணியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சரிசெய்துவிட்டு, எனக்கே கேட்காத குரலில் அல்ல, வகுப்பில் பேசும் குரலில், "நல்லா இருக்கீங்களா மாமா? ஓட்டியிலயா எறங்கறீங்க?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "ஆமாம்மா, ஆமா. பாப்பா நல்லா இருக்குதா?" என்றார். "பசி மாமா. குடிக்கிறா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பயணச்சீட்டைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். ஓட்டி என்கிற பழைய நகரம் வரும்வரை அதில் அவருக்குப் படிக்க ஏதோ இருந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிய கையோடு நானே சொன்னேன். மாமா கூடத்தில் இருந்தார், என் கணவரும் அப்போதுதான் வந்திருந்தார். "அத்த, இன்னிக்கி பஸ்ஸுல பால் குடுத்தேன். கறுப்பு கவர் இல்ல, மெல்லிசு துணிதான். அதையும் பாப்பா தள்ளிட்டா. மாமாவோட ஃபிரண்டு எதுருல இருந்தாரு, பாத்தாரு. நாளைக்கும் குடுப்பேன். வேலைய விடமாட்டேன்." ஒத்திகை பார்க்காமல் அவர்கள் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. என் கணவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

அத்தை என் தோளிலிருந்து மகளை வாங்கினார். பால் நனைந்து ஈரமாக என் கழுத்திலேயே தொங்கிய துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். இது மூடினதா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. மகளின் கழுத்து மடிப்பில் வேர்வை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு மழ வரும்ங்கறாங்க. ஜன்னல் ஓரமா ஒக்காராத, புள்ளைக்குச் சாரல் அடிக்கும்" என்றார்.

மறுநாள் ஏழேகாலுக்குக் கிளம்பினோம். மழை வரவில்லை. ஆனாலும் ஜன்னல் ஓரத்தில் நான் உட்காரவில்லை.