ஆறு தந்தி ரோஸி

பெருங்களத்தூரில் ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ, ரோஸியின் இடக்கை விரல்கள் கைப்பையின் வாரை அழுத்த ஆரம்பித்துவிடுகின்றன. ஆள்காட்டி விரல் ஓரிடத்தில், நடுவிரலும் மோதிர விரலும் சற்றுத் தள்ளி, சுண்டு விரல் எதற்கும் தயாராக. தாம்பரம் வருவதற்குள் ஒரு பல்லவி முடிந்துவிடும். சானடோரியத்தில் சரணம். எதிரே உட்காரும் பெண்கள் அவர் கழுத்திலிருக்கும் சிலுவையையும் அசையும் விரல்களையும் பார்த்துவிட்டு, அம்மா ஜெபமாலை சொல்கிறார் என்று மரியாதையாகக் காலை ஒடுக்கிக்கொள்கிறார்கள். ஒரு அம்மாள், "என் பையன் பரிச்ச எழுதிகினு கீறான், அவனுக்கும் சேத்து வேண்டிக்கம்மா" என்று கேட்டே விட்டார். ரோஸி மறுக்கவில்லை. "வேண்டிகினேன், வேண்டிகினேன். பாஸாயிடுவான்" என்றார். விரல்கள் அந்த நேரத்தில் கல்யாண வரவேற்பில் வாசிக்கும் ஒரு குத்துப்பாட்டின் நடுவில் இருந்தன.

குரோம்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. வந்தவர் முகத்துக்கு ஏற்ற ஃப்ரேமை எடுத்துக் கொடுப்பது, காது வலிக்கிறது என்று திரும்பி வருபவருக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பது. ஐம்பதைத் தாண்டியும் தலைக்கு மை பூசுவதில்லை. ஆனால் இடக்கை நகங்களை வாரம் தவறாமல் ஒட்ட வெட்டுவார். வலக்கை நகங்களைத் தொடவே மாட்டார். இது என்ன கணக்கு என்று உடன் வேலை செய்யும் ஷீலா கேட்டதற்கு, "இது அமுக்குற கை, அது மீட்டுற கை. ரெண்டுக்கும் ஒரே நகம் இன்னாத்துக்கு?" என்று பதில் வந்தது. மனிதர்களையும் அவர் இப்படித்தான் கிட்டார் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கடைக்குள் வருபவர், சந்தோஷப் பாட்டுக்கான மேஜர் சுரம். அழுதுவடிகிறவர், சோகப் பாட்டுக்கான மைனர். "ஷீலா, மைனர் ஒருத்தர் வராரு, நீயே பாத்துக்க" என்று ஒருநாள் அவர் சொன்னது காதில் விழுந்து, அந்தப் பெரியவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையை நீவிக்கொண்டார். அன்றைக்கு விலை கூடிய ஃப்ரேமாகவே வாங்கிப்போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம், தொண்ணூறுகளில் கிழக்குத் தாம்பரத்தில் பிரிட்டோ நடத்திவந்த இன்னிசைக் குழு. குன்றத்தூரில் கிருத்திகைக்குக் கச்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜைக்குக் கச்சேரி, முகூர்த்த நாள் என்றால் மண்டபம் மண்டபமாகக் கச்சேரி. பாட வந்த பெண்கள் எத்தனையோ பேர். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற பெண் ரோஸி ஒருவர்தான். கிட்டார் வாரில் புடவை மடிப்பு சிக்காமல் இருக்கத் தோளில் வரிசையாகப் பின் குத்திக்கொள்வார். "கிட்டார் அக்கா!" என்று கூட்டத்திலிருந்து கத்துவார்கள். கச்சேரி முடிந்ததும் வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரர்கள் கட்டிக் கொடுத்த ஆறிப்போன பிரியாணியைப் பங்கு போட்டுத் தின்ற ருசி, இன்று எந்த ஓட்டலிலும் இல்லை என்று சத்தியம் செய்கிறார். ஓட்டல்காரர்கள் இதற்கு என்ன செய்ய முடியும், பாவம்.

அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஆல்வின். இப்போது ரோஸியின் வீட்டுக்காரர். பாட்டுக்கு அடியில் தடித்த கீழ்ச் சுரமாக ஓடும் பேஸ், கூட்டத்தில் யார் காதிலும் தனியாக விழாது; நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். ஆல்வினுக்கு எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்க வராது. பக்கத்தில் நிற்கும் ரோஸியின் இடக்கை எங்கே போகிறதோ, அதைப் பார்த்து அவர் கையும் போகும். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு வருசம் என் கையத்தான் பாத்துகினு இருந்தாரு மனுசன். மூஞ்ச எப்பதான் பாத்தாரோ தெரியல. மோதிரம் மாட்டும்போதும் கையத்தான் பாத்தாரு" என்று ரோஸி சொல்லும்போது கண்ணாடிக் கடையே சிரிக்கும். குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் இருவருக்கும் போகவில்லை. மாமியார் இருந்தவரை அவர் எதிரில் மட்டும் ஒரு "ஏங்க" வரும்.

கீபோர்டு ஒன்றே எல்லா வாத்தியத்தையும் வாசித்துவிடும் காலம் வந்ததும் பிரிட்டோ ஆட்களைக் குறைத்தார். பிறகு குழுவையே மூடினார். ரோஸி கண்ணாடிக் கடைக்குப் போனார், ஆல்வின் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். ஆனால் சாயங்காலம் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இருவரும் கூடத்தில் கிட்டாரை எடுத்துவிடுவார்கள். கேட்பதற்கு யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். அதுதான் தன் வாழ்க்கையிலேயே நல்ல கச்சேரி என்று ரோஸிக்கு இப்போது தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் சட்டை மாட்டும்போது ஆல்வினுக்கு இடக்கை தூக்க வரவில்லை. பக்கவாதம். பேச்சு பிழைத்தது, கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது, இடக்கை விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. "கை வந்துடும், வந்ததும் சேந்து வாசிப்போம்" என்று சொல்லி ரோஸி தினமும் அந்த விரல்களை எண்ணெய் போட்டு நீவிவிடுவார். அதுவரைக்கும் தனியாக வாசித்துப் பார்த்தார். கீழ்ச் சுரம் இல்லாமல் ஒவ்வொரு பாட்டும் தரையில் கால் படாமல் தொங்கியது. ஆல்வின் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாதிப் பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பிறகு டிசம்பர் மழை. முடிச்சூர் பக்கத்திலிருந்து ஏறி வந்த தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது, ரோஸி முதல் வேலையாக ஸ்டூல் மேல் ஏறி ஆல்வினின் பேஸ் கிட்டாரை ஸ்லாப்பில் வைத்தார். அரிசியை வைத்தார். ரேஷன் கார்டை வைத்தார். கட்டிலுக்குக் கீழே இருந்த தன் கிட்டார் நினைவுக்கு வந்தபோது அது பெட்டியோடு மிதந்துகொண்டிருந்தது. காய வைத்துப் பார்த்ததில் அதன் கழுத்து வளைந்துபோய், எந்தத் தந்தியை முறுக்கினாலும் அபஸ்வரம்தான் வந்தது. வாசிக்கவே முடியாத மனிதரின் கிட்டாரைக் காப்பாற்றிவிட்டு, வாசிக்கிற கிட்டாரைத் தண்ணீருக்குக் கொடுத்ததற்காக ரோஸி தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. காய்த்துப் போயிருந்த விரல் நுனிகள் மெல்ல மெத்தென்று ஆனபோதுதான் உட்கார்ந்து அழுதார்.

புதுசு வாங்கலாம் என்று கேம்ப் ரோட்டில் ஒரு கிட்டார் கடைக்குப் போனார். கடைக்காரர் பெயர் நிகில். தாடியும் தலைக்குக் குடுமியுமாக, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். ரோஸி கேட்ட ஆறு தந்திக் கிட்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொன்றை வைத்தார். அதற்கு ஏழு தந்தி. எல்லாவற்றுக்கும் மேலே, முகத்துக்குக் கிட்டத்தில், தடியாக ஒன்று கூடுதலாக இருந்தது.

"இத்த எடுங்கக்கா. கீழ வரைக்கும் எறங்கும். கொஞ்சம் பழகிட்டீங்கன்னா பேஸையும் நீங்களே பாத்துக்கலாம், தனியா ஆளே தேவையில்ல" என்றார் நிகில்.

அவர் வியாபாரத்தைச் சொன்னார். ரோஸி கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். அந்தத் தடித்த தந்தி ஒலிக்கும் இடம் ஆல்வினின் இடம். அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால், இனி உன் கை வராது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆறையே வாங்கினால் பாட்டு மறுபடியும் தொங்கும், அவர் மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போவார். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஆறைத் தொடுவார், ஏழைத் தொடுவார், இரண்டையும் வைத்துவிட்டு வருவார். ஆல்வின் கேட்டால், "கலர் புடிக்கல" என்று ஒரே பதில்.

"இத்தினி வாரமா கலர் பாத்துகினு கீற? கல்யாணப் பொடவையவே அர மணி நேரத்துல எடுத்தவ நீ. இன்னா சமாச்சாரம்?" என்று ஆல்வின் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு உடன் கிளம்பிவிட்டார். தடுக்கப் பார்த்தும் நடக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வழி முழுக்க ரோஸியின் விரல்கள் எதையும் வாசிக்கவில்லை.

நிகிலுக்கு ஆல்வின் யார், என்ன வாசித்தவர் என்று எதுவும் தெரியாது. இரண்டு கிட்டாரையும் எடுத்து வைத்தார். ஆல்வின் தந்தி முறுக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது இன்னா, ஏழு கீது?"

"செவன் ஸ்ட்ரிங் சார். பேஸுக்கு ஆளே வாணாம், அக்கா ஒருத்தரே பாத்துக்கலாம். அவங்கதான் ஆறா ஏழான்னு முடிவே பண்ண மாட்டேன்றாங்க."

ரோஸிக்கு நிகிலின் குடுமியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது. ஆல்வின் இடக்கையைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார், அது நுழையவில்லை.

"ஆறே குடு தம்பி, பில்லு போடு" என்றார் ரோஸி அவசரமாக.

"இரு. அந்த ஏழ எடுத்து வாசி."

"வாணாம் ஆல்வின். சொன்னாக் கேளு."

"வாசின்றேன்ல."

ரோஸி ஏழு தந்திக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணால் பார்த்து வாசித்துப் பழகியவரில்லை. மேலே தட்டுப்படும் தடித்த தந்தியைத் தொட்டு, அங்கிருந்து கணக்கு வைத்துத்தான் அவர் விரல்கள் எப்போதும் இறங்கும். பழைய பாட்டு ஒன்றைப் பிடித்தார். கர்ணகடூரமாக இருந்தது. மறுபடி பிடித்தார், அதைவிடக் கேவலம். வருடக்கணக்கில் மேடையில் நின்ற கிட்டார் அக்காவுக்கு அவமானத்தில் காது சூடேறியது. மேலே கூடுதலாக உட்கார்ந்திருந்த ஏழாவது தந்தியைப் பழைய ஆறாவது என்று நினைத்து, எல்லா விரலையும் ஒரு தந்தி தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஒரு சிரிப்புச் சத்தம். ஆல்வின்தான். பக்கவாதம் வந்த பிறகு ரோஸி கேட்டிராத சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் இன்னும் சரியாகத் திறக்காததால் கோணலாக வந்தது, ஆனால் முழுதாக வந்தது.

"ஏய், அது என் எடம். என் வூட்டுக்குள்ள பூந்துகினு இன்னா பண்ற? உன் வூடு கீழ கீது, எறங்கிப் போ."

ரோஸி ஒரு தந்தி கீழே இறங்கிப் பிடித்தார். பாட்டு வந்துவிட்டது. அதே பழைய பாட்டு, அதே குறையோடு. பாதியில் நிறுத்திவிட்டு ஆல்வினை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் எடம்னு சொன்னல்ல?"

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

"அப்ப வந்து வாசி."

ஆல்வின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பேஜார் பண்ணாத ரோஸி. எந்தக் கைய வெச்சு வாசிக்கச் சொல்ற?"

"வலது கை சும்மாதான கீது. அமுக்குறத நான் பாத்துக்கிறேன். நீ மீட்டு."

"கடையில எல்லாரும் பாக்குறாங்க."

"குன்றத்தூர்ல ஊரே பாத்துது. அப்ப இன்னா பண்ண?"

ஆல்வின் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். போய்விடுவாரோ என்று பயந்தாலும் ரோஸி அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஆல்வின் காலை இழுத்து வந்து, வலக்கையால் ஒரு ஸ்டூலைத் தள்ளி ரோஸிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இடக்கையை எடுத்து மடியில் வைத்தார். வலக்கை விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இது பேஸ் இல்ல, தெரியும்ல? பேஸுக்குத் தம்பி மாதிரி."

"தம்பியே போதும், வாசி."

ரோஸி முதல் சுரத்தை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தார். ஆல்வினின் விரல் நீண்டு வந்தது, தந்தியை எட்டாமல் மரத்தில் உரசிவிட்டுத் திரும்பியது. அவர் கையை மடியை நோக்கி இழுத்துக்கொள்ளத் தொடங்கினார். "அப்ப ஆறாக்கா, ஏழாக்கா?" என்று நிகில் கேட்டார். ரோஸி அழுத்திய விரல்களை எடுக்காமல், வலக்கையைத் தன்னுடைய ஆறு தந்திகளின் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தடித்த தந்தி ஆல்வினின் விரலுக்கு எட்டுகிற வரைக்கும் கிட்டாரை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.