ஆர்ட்டின் ராணியும் கன்னியப்பன் அண்ணனும்

கன்னியப்பன் அண்ணன் இறந்துவிட்டார். என்னோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்தவள் இப்போதுதான் ஆரம்பாக்கத்திலிருந்து போன் செய்தாள்.

இந்தப் பெயரை நான் வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை. இங்கே போட ஒரு போட்டோ கூட என்னிடம் இல்லை...

எழுபதுகளில் திருநின்றவூர் பக்கம் ஒரு தகர டப்பா கம்பெனி. அவருக்கும் எனக்கும் பேக்கிங் செக்‌ஷன். நான் கடம்பத்தூரில் ரயில் ஏறி வருவேன்.

ஆயுத பூஜைக்கு அண்ணன் சீட்டுக்கட்டு மேஜிக் செய்தால் ஆபீஸ் ரூமே காலியாகி எங்கள் ஷெட்டில் வந்து நிற்கும்.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் செக்கிங். ஸ்க்ரூவில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவார். அந்தக் கண்தான் எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

திருவள்ளூர் சந்தையில் ஒருவன் மூன்று சீட்டைக் காட்டிவிட்டுக் கவிழ்த்துப் போடுவான். ராணி எங்கே என்று காட்டினால் ஜெயிப்பு. இவருக்கு ராணி விழுந்த இடம் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று தெரியுமாம். திருப்பினால் வேறு சீட்டு.

கல்யாண வாட்ச் போனது. என் கம்மல் போனது. வர்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறேன் என்று சொல்லி, பிள்ளை இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் கொடியில் கை வைத்தார்.

பேக்கிங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் கேட்டார், சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

அந்தச் சீட்டுக் கூட்டத்தில் அவரும் இருந்தவராம். ஜனங்களோடு நின்று, முதலில் ஜெயிக்கிற மாதிரி நடித்து மற்றவர்களை இழுத்துவிடுகிற வேலை. பிடிக்காமல் ஓடி வந்தவர்.

"அவரு கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. ஒரே கையில ரெண்டு சீட்டு கீது. கீழ கீற ராணிய போடற மாதிரி வீசி, மேல கீறத உட்டுடுவானுங்க."

நீங்களே வந்து அவருக்குச் செய்து காட்டுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். வெளியே தெரிந்தால் அந்தக் கூட்டத்து ஆட்கள் அவர் விரலை ஒடித்துவிடுவார்களாம். உனக்கு வேண்டுமானால் கற்றுத் தருகிறேன், என் பேர் மட்டும் வரக்கூடாது என்றார்.

லஞ்ச் டைம்... அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால்... டிபன் பாக்ஸ் மூடிக்குள் சீட்டு.

கல்யாணமானவள், ஒரு ஆம்பளையோடு, கையில் சீட்டு வேறு. யாராவது பார்த்திருந்தால் என் மானம் ரயிலேறி இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டாலே டிபன் பாக்ஸை மூடிவிடுவேன்.

சீட்டு என் கையில் நிற்கவே நிற்காது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: "ஒங் கைய நீயே பாக்காதம்மா. நீ பாத்தா அவரும் பாப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பாக்கெட்டில் அரைஞாண்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். துண்டை விரித்தேன். ஆர்ட்டின் ராணியையும் இன்னும் இரண்டு சீட்டையும் எடுத்தேன்.

"ராணிய காட்டிட்டு எடுத்துக்கினு போங்க."

சிரித்தார். ஒரு சீட்டைத் திருப்பினார், தப்பு. சிரிப்பு நின்றது. மறுபடியும் தப்பு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துண்டுக்கு மேலேயே குனிந்துவிட்டார்.

மூன்றாவது முறை என் விரலெல்லாம் வியர்வை. மேல் சீட்டு கையோடு ஒட்டிக்கொண்டது... ராணியே விழுந்தது. நடுவில். அவர் கண்ணெதிரே.

அவர் விரல் நேராக நடுச் சீட்டுக்கு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

விரல் அங்கேயே நின்றது. அப்புறம் மெல்ல நகர்ந்து, ஓரத்துச் சீட்டைத் திருப்பியது. கிளாவர் ஏழு.

தன் கண்ணை அவரே நம்பவில்லை. மற்ற இரண்டையும் நான் வாரிச் சுருட்டிக்கொண்டேன்.

அடுத்த நிமிஷம் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "எவன்டீ கத்துக் குடுத்தான்?"

கண்ணாடி வளையல் உடைந்து ரத்தம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை வீறிட்டு அழுதான். கையை விட்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து கொடியை எடுத்து, அவரே பிள்ளை இடுப்பில் கட்டினார்.

அதற்கப்புறம் சந்தைக்குப் போகவில்லையா என்றால், போனார். நின்று வேடிக்கை பார்ப்பார், வந்துவிடுவார். எதையும் வைத்து ஆடவில்லை.

மறுநாள் கைக் காயத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அண்ணன் பார்த்துவிட்டார். சீட்டைக் கேட்டு வாங்கி, கேன்டீன் அடுப்பில் போட்டார்.

"எம் பேரு?"

"சொல்லலண்ணே."

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த மனுஷனை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை நான். எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது... இன்றைக்கு அதுதான் உறுத்துகிறது.

என் வீட்டுக்காரர் கடைசி வரை கேட்டார். சண்டையில் கேட்டார், சிரிப்போடு கேட்டார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கேட்டார். அவர் போன பிறகும் அண்ணன் இருந்தாரே, கொடுத்த வாக்கு இருந்ததே. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம்.

ஏங்க... நீங்க கேட்டுக்கினே இருந்தீங்களே, அந்த ஆளு அங்கதான் வராரு. பேரு கன்னியப்பன். கையப் புடிச்சி முறுக்கிடாதீங்க. ஒரு காபி வாங்கிக் குடுங்க.

போய்ட்டு வாங்கண்ணே.