அக்காவின் பங்குக்கு வந்த விருந்தாளி

கோடை விடுமுறைக்கு வடக்கே ஒரு காட்டுப் பூங்காவில் சில குடும்பங்களாகக் கூடாரமடித்திருந்தோம். அஜக்ஸ் நகரிலிருந்து வரவேண்டிய அக்கா குடும்பம் 401 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பசி. அக்காவின் பங்குப் புட்டையும் ஆட்டிறைச்சிக் கறியையும் தள்ளியிருந்த மேசையில் மூடி வைத்துவிட்டு, நாங்கள் நெருப்பைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம்.

மூடி விழுந்த சத்தத்துக்குத் திரும்பினேன். மேசையடியில் ஒரு கரடி!

"ஒருத்தரும் ஓடாதேங்கோ. பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு மெல்லப் பின்னுக்கு வாங்கோ" என்றார் கணவர்.

கார்களுக்குள் ஏறிக் கண்ணாடி வழியே பார்த்தோம். அந்தி வெயிலில் அதன் கறுப்பு மயிர் மினுங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு, சட்டியை ஒரு கையால் அணைத்துப் பக்குவமாக வழித்து நக்கியது. பூசையில் திரை விலகும்போது பார்ப்பதுபோலக் கண்ணெடுக்காமல் பார்த்தோம். பிறகு அது எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

அக்கா வந்திறங்கியதும், "எங்களுக்கு ஒண்டும் வைக்கேல்லையோ?" என்றாள்.

"வைச்சனான் அக்கா. சாப்பிட்டவர் இப்பதான் போறார்."

இப்போதும் பிந்தி வருவோருக்குப் பங்கு எடுத்துவைக்கிறேன். ஆனால் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிட இருக்கிறேன். பூட்டும்போது, காட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.